புண்ணுக்கு முதல் மருந்து தண்ணீர்: கால்நடைக் காயங்களுக்கான கைவைத்தியமும் அதன் எல்லையும்

பயிருக்கு ஒரு சொட்டு விஷம்கூட அடிக்க மாட்டேன்னு உறுதியா நிக்கிற உழவர்களில் சிலர், மாட்டுப் புண்ணுல புழு வெச்சுட்டா மட்டும் அந்த உறுதியைக் கட்டுத்தரைக்கு வெளியே விட்டுடறாங்க. நெல்லுக்குப் போடற குருணை மருந்தைப் புண்ணுக்குள்ள கொட்டி அடைக்கிறாங்க. ஃபினாயில் ஊத்தறாங்க. பழைய இன்ஜின் ஆயிலைத் தடவறாங்க. எங்க பக்கத்துக் கிராமங்கள்ல இது இன்னிக்கும் நடக்குது.

புழு செத்துப்போகும், அது உண்மைதான். ஆனா புண் என்பது தோல் இல்லாத இடம். அங்க போடறது நேரா ரத்தத்துல கலக்கும். மாடு நாக்கு எட்டற இடமா இருந்தா நக்கும், வயித்துக்கும் போகும். குருணை மருந்து நரம்பைத் தாக்குகிற விஷம். வாயில் நுரை தள்ளி, உடம்பு நடுங்கி, மூச்சு முட்டி மாடு விழுந்துடும். அது பிழைச்சாலும் கறக்கிற பாலில் என்ன வரும்னு யோசிக்கணும். விஷமில்லா விவசாயம்னு சொல்லிக்கிட்டு அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்க முடியுமா?

"அப்ப என்னத்தைத்தான்ணா போடறது?" என்று என்னிடம் கேட்கிறவங்ககிட்ட நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எப்பப் பட்ட காயம் தம்பி?" என்பதுதான். பெரும்பாலும் நாலு நாள், அஞ்சு நாள் என்று பதில் வரும். மருந்து இல்லாமல் கெட்டுப்போகிற புண்ணைவிட, முதல் ரெண்டு நாள் கவனிக்காமல் கெட்டுப்போகிற புண்தான் அதிகம். காயம் பட்ட அன்னிக்கே கழுவி, ஈ உட்காராமல் பார்த்துக்கிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. மீதிப் பாதிக்கு நம்ம வேலியோரத்துச் செடிகள் போதும். எந்தக் காயத்துக்குப் போதாது என்பதையும் தெரிஞ்சு வெச்சுக்கணும். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

புண் தானா எப்படி ஆறுது?

இதைத் தெரிஞ்சுக்கிட்டால் என்ன செய்யணும், எதைச் செய்யக் கூடாது என்பது தானாப் புரியும்.

முதலில் ரத்தம் உறைந்து வாயை அடைக்கும். அடுத்து அந்த இடம் சூடாகி வீங்கும். உடம்பு கிருமியோடு சண்டை போடற நேரம் அது. அழுக்கும் செத்த சதையும் வெளியேறின பிறகு, அடியிலிருந்து சிவந்த, மணிமணியான புதுச்சதை வளரும். கடைசியா ஓரத்திலிருந்து தோல் உள்நோக்கி ஊர்ந்து மூடும்.

அதனால் அழுக்கு இருக்கிற வரைக்கும் நல்லாக் கழுவணும். சிவந்த சதை வந்துட்டால் தேய்க்கவே கூடாது. பொருக்கைப் பிய்த்துப் பிய்த்துத் தினமும் கழுவறவங்க, முளைத்த நாற்றைத் தினமும் பிடுங்கி நடறவங்க மாதிரி. நுரை பொங்குகிற ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான். ஆழமான அழுக்குப் புண்ணுக்கு முதல் நாள் ஒரு தடவை சரி. தினமும் ஊத்தினால் கிருமியோடு சேர்த்துப் புதுச்சதையையும் அரிச்சுடும்.

முதல் அரை மணி நேரம்

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்க. நின்னுடுச்சான்னு நடுவில் துணியை எடுத்து எடுத்துப் பார்த்தால் நிற்காது. சின்னக் கீறல்களுக்கு, வரப்பில் கிடக்கிற வெட்டுக்காயப் பூண்டு இலையைக் கழுவிக் கசக்கி, சாறு பிழிந்து விட்டால் ரத்தம் கட்டும். கிணற்றடிப் பூண்டு, மூக்குத்திப் பூண்டு என்று ஊருக்கு ஒரு பேர் சொல்வாங்க. மஞ்சள் நடுவும் வெள்ளை ஓரமுமா சின்னப் பூப் பூக்கிற செடி அது. ரத்தம் பீச்சி அடிச்சால் அது பெரிய குழாய் அறுந்த அடையாளம். அழுத்தின கையை எடுக்காமலே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க.

ரத்தம் நின்னதும் கழுவணும். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது சின்னத் தேக்கரண்டியில் தலைதட்டி ஒன்றரை. இந்த அளவு ரத்தத்தில் இருக்கிற உப்புக்குச் சமம், அதனால் எரியாது. ஒரு தண்ணீர் பாட்டில் மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பாட்டிலை அமுக்கிப் பீச்சுங்க. மண்ணும் முடியும் அந்த வேகத்தில் வெளியே வந்துடும். ஒரு புண்ணுக்கு ஒரு லிட்டர் தாராளமாச் செலவாகட்டும்.

சுற்றியிருக்கிற முடியைக் கத்தரிக்கணும். இல்லாட்டி சீழ் முடியில் ஒட்டிக் காய்ந்து, ஈ முட்டை வைக்க வசதியாயிடும். கத்தரிக்கும்போது புண்ணின்மேல் ஈரத்துணியை மூடிக்கிட்டால் முடி உள்ளே விழாது.

பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு போடறவங்க ஒன்றைக் கவனிக்கணும். தண்ணீர் வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தால் போதும். கத்தரிப்பூ நிறத்தில் கரைத்தால் சதை வெந்துடும்.

இங்க ஒரு வார்த்தை, நம்ம இயக்க நண்பர்கள் கோபப்படக் கூடாது. சாணி, மண், அடுப்புச் சாம்பல் எதையும் திறந்த புண்ணில் வைக்காதீங்க. சாணி நிலத்துக்கு அமுதம்தான். ஆனா டெட்டனஸ் கிருமியின் விதைகள் சாணியிலும் மண்ணிலும் வருஷக்கணக்கில் உறங்கும். ஆழமான, காற்றுப் புகாத புண் கிடைச்சால் அங்கே முளைக்கும். ஆடுகள் இதில் சீக்கிரம் மாட்டும். கால் விறைத்து, காது நிமிர்ந்து, வாய் கட்டிக்கிட்டு நிற்கிற ஆட்டைக் காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். பஞ்சகவ்யமும் புண்ணுக்கு மருந்து இல்லை. சுண்ணாம்பும் வேண்டாம்.

புண்ணெண்ணெய் காய்ச்சும் முறை

இந்த எண்ணெய் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பேராசிரியர் புண்ணியமூர்த்தி மரபு மூலிகை வைத்தியத்தை ஒழுங்குபடுத்தி, உழவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தேசிய பால்வள வாரியமும் இந்த முறைகளை நாடு முழுக்கப் பரப்பி வருது. கோமாரிக் கால்புண்ணுக்கும், தோல் கழலை நோயில் உடைகிற புண்ணுக்கும் இதையேதான் சொல்றாங்க.

தேவையானவை:
- தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெய்: 500 மில்லி
- குப்பைமேனி இலை: ஒரு கைப்பிடி
- வேப்பிலை: ஒரு கைப்பிடி
- துளசி இலை: ஒரு கைப்பிடி
- மருதாணி இலை: ஒரு கைப்பிடி
- பூண்டு: 10 பல்
- மஞ்சள் தூள்: 20 கிராம்

இலைகளைக் கழுவி, பூண்டோடு அரைத்து, மஞ்சளும் சேர்த்து எண்ணெயில் போட்டு மிதமான தீயில் காய்ச்சுங்க. சலசலப்பு அடங்கினால் ஈரம் வற்றிவிட்டது என்று அர்த்தம். இறக்கி ஆறவைத்து, கழுவி ஈரம் ஒற்றின புண்ணில் காலையும் மாலையும் தடவுங்க. நான் வடிகட்டிக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கிறேன். சிக்கு வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதுசாக் காய்ச்சுவேன். மஞ்சள் கடையில் வாங்கினது வேண்டாம். சாயம் கலந்த தூள் புண்ணுக்கு ஆகாது. கிழங்கை இடிச்சுக்குங்க.

புழு வைத்துவிட்டால்

புண் ஈ முட்டையைப் புண்ணின் ஓரத்தில் கொத்தாக வைக்கும். ஒரு நாளுக்குள் பொரிக்கும். புழு தலையைச் சதைக்குள் புதைத்துத் தின்னும், பின்பக்கத்தால் மூச்சு விடும். ஐந்து முதல் ஏழு நாளில் கொழுத்து, தானே கீழே விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகும். மழைக்காலத்தில் ரொம்பவே பெருகும்.

இந்தச் சுற்றில்தான் வைத்தியமும் இருக்கு. பின்பக்கம் மூச்சு விடுவதால், எண்ணெய் மூடினால் மூச்சுத் திணறி மேலே வரும். 100 மில்லி தேங்காய் எண்ணெயை லேசாச் சுடவைத்து, அடுப்பைவிட்டு இறக்கின பிறகு 5 கிராம் அளவு சூடத்தைப் பொடித்துக் கரைப்பேன். அடுப்பில் இருக்கும்போது சூடம் போடக் கூடாது, தீப்பிடிக்கும். ஆறினதும் பஞ்சில் நனைத்து ஓட்டைக்குள் அடைத்து வைக்கணும். கால் மணி நேரத்தில் புழு நெளிந்து வெளியே வரும். முள்வாங்கியைக் கொதிக்கும் நீரில் போட்டெடுத்து, ஒவ்வொன்றாப் பிடுங்கணும். பிடுங்கினதைத் தரையில் போட்டால் அடுத்த வாரம் அதுவே ஈயாகித் திரும்பி வரும். சுடுதண்ணீர்ச் சட்டியில் போடுங்க.

சூட எண்ணெய் முதல் நாள் மட்டும்தான். உள்ளே ஒளிந்திருக்கிற புழுவுக்காக மறுநாள் உப்புத் தண்ணீர் பீச்சிப் பாருங்க. இருந்தால் இன்னொரு தடவை. பிறகு புண்ணெண்ணெய்க்கு மாறிடணும். சூடம் இல்லாத நேரத்தில் சீத்தா இலையை அரைத்து அப்பலாம். அது கண்ணில் பட்டால் கண்ணைப் புண்ணாக்கும். தலைப்பக்கக் காயத்துக்கு வேண்டாம், கையையும் நல்லாக் கழுவிக்குங்க.

ஆறும்வரைக்கும் புண்ணைச் சுற்றி, புண்ணுக்குள் இல்லாமல், வேப்பெண்ணெய் தடவி வந்தால் ஈ அண்டாது. குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் அந்த மாட்டைக் கட்டாதீங்க.

புழுவைக் கண்ணால் பார்க்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கலாம். மாடு ஒரே இடத்தைத் திரும்பித் திரும்பி நக்கும், காலை உதைக்கும். கெட்ட வாடை வரும். வட்டமான ஓட்டையிலிருந்து ரத்தம் கலந்த நீர் வடியும். கன்று ஈன்ற மாட்டின் அறையும், கன்றின் தொப்புளும் ஈக்கு ரொம்பப் பிடிச்ச இடங்கள். தினமும் குனிந்து பாருங்க.

இடத்துக்கு ஏற்ற வைத்தியம்

கழுத்துப் புண்: வண்டியும் ஏரும் இன்னும் பூட்டறவங்களுக்கு இது. காரணம் நுகத்தடியில் இருக்கும். சிலாம்பு, ஆணி, வேர்வையில் விறைத்துப்போன துணி, உயரம் சேராத ஜோடி என்று ஒவ்வொன்றாப் பாருங்க. தோல் உடையாத வெறும் வீக்கத்தைக் கத்தியால் கீறாதீங்க, சூடும் போடாதீங்க. ஓய்வு கொடுங்க. முழுசா ஆறாமல் பூட்டினால் எந்த எண்ணெயும் கேட்காது.

கயிற்றுப் புண்: நைலான் கயிறு அறுக்கும். மூக்கணாங்கயிறு பருத்தி நூலில் இருக்கட்டும். கன்றுக்குக் கட்டின கழுத்துக்கயிறு, கன்று வளர வளர இறுகிச் சதைக்குள் புதைந்துடும். கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் ரெண்டு விரல் தாராளமா நுழையுதான்னு வாரம் ஒருமுறை பாருங்க.

கொம்பு: மேல் ஓடு மட்டும் கழன்றால் ரத்தம் நிறைய வரும், ஆனா பயமில்லை. அழுத்திக் கட்டி, நல்ல கொம்போடு சேர்த்து எட்டு வடிவில் சுற்றுங்க. அடியோடு முறிந்தால் கதை வேறு. வளர்ந்த மாட்டின் கொம்புக்குள் இருக்கிற பொந்து, நெற்றி எலும்புப் பொந்தோடு சேர்ந்தது. அதனால்தான் மூக்கிலும் ரத்தம் வருது. அந்த ஓட்டையில் எதையும் ஊத்தாமல், துணி கட்டி ஈயைத் தடுத்து, மருத்துவரிடம் காட்டுங்க.

மடியும் காம்பும்: எங்க கொங்குப் பக்கத்துக் கொரங்காடுகளில் கிளுவை வேலி இருந்தவரைக்கும் மடி கிழிகிறது குறைவு. முள்கம்பி வந்த பிறகு கூடிப்போச்சு. மேல்கீறலுக்குக் கறந்து முடிச்ச பிறகு, சோற்றுக்கற்றாழைச் சோற்றைக் கழுவி, மஞ்சளோடு வெண்ணெயில் குழைத்துத் தடவுங்க. சூடம், வேப்பெண்ணெய் வேண்டாம். வாடை பாலில் ஏறும், கன்றும் ஊட்டாது. கிழிசல் வழியாப் பால் ஒழுகினால் அது தையல் போடவேண்டிய காயம். அன்னிக்கே காட்டணும்.

குளம்பு: கல், முள், கண்ணாடி இருக்கான்னு குளம்பிடுக்கில் தேடி எடுத்துக் கழுவி, எண்ணெய் விட்டு, காய்ந்த தரையில் கட்டுங்க. சேற்றில் நிற்கிற காலுக்கு மருந்து பிடிக்காது. காலில் புண், கூடவே வாயில் கொப்புளம், எச்சில் ஒழுகல் இருந்தால் அது கோமாரி. அந்த மாட்டைத் தனியாக் கட்டி உடனே தகவல் கொடுங்க. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாப் போடுகிற கோமாரித் தடுப்பூசியை, 'நாங்க இயற்கை விவசாயி' என்று சொல்லித் தவிர்க்காதீங்க.

தொப்புள்: கன்று விழுந்ததும் உடம்பிலிருந்து ரெண்டு அங்குலம் விட்டுக் கட்டி, சுத்தமான பிளேடில் அறுத்து, டிஞ்சர் அயோடினில் முக்குங்க. காய்ந்து உதிரும்வரை தினம் பாருங்க.

கோழி: காயம்பட்ட கோழியை முதலில் பிரிக்கணும். சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்திக்கொத்தியே கொன்னுடும். கழுவி, மஞ்சளை எண்ணெயில் குழைத்துப் பூசினால் ரத்தச் சிவப்பும் மறையும், புண்ணும் ஆறும்.

நாய்க்கடிக்குக் கைவைத்தியம் கிடையாது

ஆட்டுப்பட்டியில் நாய் புகுந்தால், நாய்க்கு வெறி இருக்கா இல்லையான்னு விவாதம் பண்ணாதீங்க. கையுறை மாட்டிக்கிட்டு, சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். கட்டவும் வேண்டாம். அன்னிக்கே தடுப்பூசி தொடங்கி, மருத்துவர் சொல்கிற நாளிலெல்லாம் தவறாமல் போடணும். நோய் அறிகுறி வந்துட்டால் உலகத்தில் எந்த மருந்தும் இல்லை.

வெறி பிடித்த மாடு விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும், குரல் மாறிக் கத்தும். தொண்டையில் ஏதோ சிக்கிடுச்சுன்னு வாயில் கைவிட்டுப் பார்க்கிறது நம்ம ஊர் வழக்கம். அது உயிருக்கே ஆபத்து. எச்சிலில்தான் அந்தக் கிருமி இருக்கு. அப்படி யாராவது கைவிட்டிருந்தால், அவங்களும் நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு, அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போடணும். அந்த மாட்டின் பாலையும் யாரும் குடிக்கக் கூடாது.

இதுபோக, வயிறு கிழிந்தது, எலும்போ மூட்டோ தெரிகிறது, கண்ணில் பட்டது, புண்ணோடு காய்ச்சலும் தீனி எடுக்காததும் சேர்ந்தது, மூன்று நாள் பார்த்தும் வாடை போகாதது எல்லாம் மருத்துவர் வேலை. 1962 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். ஆன்டிபயாட்டிக் போட்டால் எத்தனை நாள் பாலைக் கொட்டணும்னு கேட்டு, அத்தனை நாளும் கொட்டுங்க. மாடு சாகிறதைவிட ஊசி போட்டுக்கொள்வது இயற்கைக்கு விரோதமில்லை.

ஆனா வலிக்குப் போடுகிற ஊசி எதுன்னு கேட்கிற உரிமை நமக்கு இருக்கு. டைக்ளோஃபினாக் போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாச் செத்தன. பாறு என்று நம்ம முன்னோர் சொன்ன அந்தப் பிணந்தின்னிக் கழுகுகள் இன்னிக்குத் தமிழ்நாட்டில் மாயாற்றுப் பள்ளத்தாக்குப் பக்கம்தான் கொஞ்சம் மிஞ்சியிருக்கு. கால்நடைக்கு அந்த மருந்தை 2006-லேயே தடை செய்தாங்க. 2023-ல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் தடை வந்தது. மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கு செய்யாதது. "அதைப் போடுங்க டாக்டர்" என்று சொல்லிக் கேட்டு வாங்குங்க.

கட்டுத்தரையில் ஒரு பெட்டி

ராத்திரி பத்து மணிக்கு மாடு கம்பியில் கிழிச்சுக்கிட்டு வந்தால், அந்நேரம் குப்பைமேனி தேடி ஓட முடியாது. ஒரு தகரப் பெட்டியில் இதையெல்லாம் வைங்க: வெளுத்த பருத்தித் துணி, பஞ்சு, கத்தரிக்கோல், முள்வாங்கி, மூடியில் ஓட்டை போட்ட பாட்டில், உப்பு, சோப்பு, ரெண்டு ஜோடி கையுறை, சூடம், தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய், மஞ்சள், டிஞ்சர் அயோடின், காய்ச்சின புண்ணெண்ணெய் ஒரு பாட்டில். மூடியின் உட்பக்கத்தில் மருத்துவர் எண்ணையும் 1962-ஐயும் எழுதி ஒட்டுங்க.

கழுவு தண்ணீர் போகிற வாய்க்கால் ஓரத்தில் துளசி, மருதாணி, சோற்றுக்கற்றாழை மூன்றையும் நட்டுவிடுங்க. குப்பைமேனியும் வெட்டுக்காயப் பூண்டும் தானே முளைக்கும். களையெடுக்கும்போது ஒரு பாத்தியை மட்டும் விட்டுவையுங்க. இந்த மழை தொடங்கறதுக்குள்ள ஒரு தடவை எண்ணெய் காய்ச்சி, உங்க வாரக் கூட்டத்தில் நாலு பேருக்குக் கால் பாட்டில் கொடுங்க. காய்ச்சுகிற முறையையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க.